இரண்டு கம்ப்ரஸர்களும் ஒரு புனேரிப் பலகையும்

1

போன வாரம் ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுவிழா நடத்தினார்கள். புனேயில் போபோடிப் பக்கம் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வெந்நீர் போடும் ஹீட் பம்ப் அது. ஆகுர்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செய்தது. செண்டுமல்லி மாலையை எங்கே போட்டார்கள் தெரியுமா? விசிறி காற்றை இழுக்கும் வலையின் மேல். காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துப் பிழைக்கிற இயந்திரத்தின் மூக்கை அடைத்துவிட்டு, அதற்கே ஆரத்தி காட்டினார்கள். நான் மாலையைக் கழற்றிப் பக்கத்துக் குழாயில் மாட்டினேன். படம் எடுக்க வந்தவர் முறைத்தார்.

பிறகு எங்கள் முதலாளி ஜோக்ளேகர் சாகேப் பேசினார். கம்ப்ரஸரின் வேகத்தை அளவோடு வைத்தால்தான் மின்சாரம் மிச்சமாகும் என்று முதல் நாளிலிருந்தே தாம் வலியுறுத்தி வந்ததாகச் சொன்னார். நானும் கைதட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டுவது நான் இந்த ஊரில் தேறிய வித்தைகளில் ஒன்று.

அன்று மாலைதான் கோவையிலிருந்து பழைய வகுப்புத் தோழனின் தொலைபேசி வந்தது. கல்லூரிக்காரர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். வெளியூரில் குடியேறியவர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்கிறார்களாம். அமெரிக்காவில் இருப்பவன் பனியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டான். ஷார்ஜாவில் இருப்பவன் மணலைப் பற்றி.

"நீ இண்டியாக்குள்ளயேதான இருக்க, உனக்கென்ன பெருசா அனுபவம் இருந்துறப் போகுது. இருந்தாலும் எழுது. பக்கம் மிச்சம் கெடக்குது" என்றான்.

மிச்சப் பக்கத்துக்காக இதை எழுதுகிறேன். என்னிடமும் பனி இருக்கிறது. வரும்போது காட்டுகிறேன்.

2

தொண்ணூறுகளின் நடுவில் மனைவி கோமதியையும் கைக்குழந்தையாக இருந்த மகள் மதுவையும் கூட்டிக்கொண்டு புனேக்கு வந்தேன். வந்த மறுநாளே என் பெயர் போய்விட்டது. தென்னாட்டில் பிறந்த எவனும் இங்கே 'அண்ணா'தான். இட்லி விற்பவரும் அண்ணா, குளிர்பதனத்தில் பட்டம் வாங்கியவனும் அண்ணா. மதுவின் பள்ளி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அந்த அலுவலர் என்னை அநாதையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என் பெயரையே மதுவின் குடும்பப் பெயராகப் போட்டுக் கொடுத்தார். பள்ளியில் அவளை ஆசிரியைகள் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் அவள் அதற்காக என்மேல் வழக்குத் தொடுத்தாள்.

இந்தியில் நான் கம்ப்ரஸரைப் பெண்ணாக்கினேன், தண்ணீரை ஒருநாள் ஆணாக்கினேன், மறுநாள் பெண்ணாக்கினேன். மராத்தியில் மூன்றாவது பால் வேறு உண்டு என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மது ஐந்து வயதில் மூன்று மொழியிலும் சண்டை போடுவாள். அதில் தமிழ்தான் மெலிந்தது. பேசுவாள், இழுத்து இழுத்து. படிக்க மாட்டாள். எழுத்தைக் காட்டினால் "எல்லாம் ஜிலேபி" என்று ஓடிவிடுவாள்.

இதில் விடுமுறை வேறு ஒத்துப்போகவில்லை. தொழிற்பேட்டைக்கு மின்சாரம் பற்றாததால் எங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. மதுவுக்கு ஞாயிறு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பனும் மகளும் வெவ்வேறு ஊரில் வாழ்ந்தோம். வியாழக்கிழமை பகலில் நான் ஏதாவது வாங்கப் போனால் கடைகள் ஒன்று முதல் நான்கு வரை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் புனே தூங்கும். கதவில் பலகை தொங்கும்: 'நாங்கள் தூங்குகிறோம். நீங்களும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.'

'புனேரிப் பலகை' என்று பேர்பெற்ற இந்தப் பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்' என்று எழுதுவார்கள். புனேயில், 'வாயிற்கதவு திறப்பதற்காக வைத்தது. வண்டி வைத்திருப்பவர் வேறு நினைத்திருந்தால் மன்னிக்கவும்' என்று எழுதுவார்கள். அழைப்புமணிக்குக் கீழே, 'ஒருமுறை அழுத்தினால் போதும், எங்களுக்கு வயதாகிவிட்டதே தவிரச் செவிடாகவில்லை' என்றிருக்கும். புனேக்காரர்கள் இதில் பெருமைப்படுகிறார்கள். வந்த புதிதில், இவ்வளவு திமிர் பிடித்த ஊரா என்று எரிச்சல்பட்டேன். கோமதி மட்டும், "உங்களுக்குப் பொருத்தமான ஊருதானுங்க" என்றாள்.

3

இனி அந்த இயந்திரம். பயப்பட வேண்டாம், சூத்திரம் எதுவும் வராது.

சாதாரண ஹீட் பம்ப்பில் ஒரு கம்ப்ரஸர். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் ஏற்றும். குளிக்கிற சூட்டுக்கு அது போதும். மருத்துவமனைத் துணிக்கு வேண்டிய கொதிசூட்டுக்கு அது ஏறாது, ஏற்றினால் மூச்சு வாங்கும். அதனால் இரண்டு கம்ப்ரஸர்களை அடுக்காக வைத்தோம். கீழ்க் கம்ப்ரஸர் காற்றிலிருந்து எடுத்த வெப்பத்தை நடுவில் உள்ள ஒரு தட்டில் கொடுக்கும். மேல் கம்ப்ரஸர் அங்கிருந்து வாங்கித் தண்ணீருக்கு ஏற்றும். கட்டட வேலையில் சித்தாள்கள் மாடிக்குச் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

கீழே இருப்பவர் அவசரப்பட்டு மேலே இருப்பவர் மெதுவாக வாங்கினால் நடுவில் குவியும். நடுச்சூடு ஏறும், கீழ்க் கம்ப்ரஸர் அந்தச் சூட்டுக்கு எதிராக முக்க வேண்டிவரும். மேலே இருப்பவர் அவசரப்பட்டால் நடுச்சூடு இறங்கிவிடும், அவர் குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். இரண்டு பேரும் தலைதெறிக்க ஓடினால்? வெந்நீர் சீக்கிரம் வரும், மறுக்கவில்லை. ஆனால் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும் அதே குழாய்ச் சுருளிலிருந்து அதிக வெப்பத்தைப் பிடுங்கவேண்டி, சுருள் காற்றைவிட ரொம்பக் குளிர்ந்துபோகும். ஏற வேண்டிய உயரம் கூடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கிற வெப்பம் குறைந்துவிடும். அதற்காக ஆமைபோல் ஓட்டினாலும் ஆகாது, கம்ப்ரஸருக்குள் கசிவும் மோட்டாரின் சொந்தச் செலவும் லாபத்தைத் தின்றுவிடும். இடையில் ஓர் இணக்கமான வேகம் இருக்கிறது. கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. டிசம்பர் காலைக்கு ஒன்று, மே மாத மதியத்துக்கு ஒன்று. அதைக் கண்டுபிடிக்க இரண்டு குளிர்காலம் நான் சோதனைக் கொட்டகையில் கிடந்தேன்.

அந்த வேகத்தைத் தானாகவே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வரைந்து கொடுத்தேன். ஜோக்ளேகர் அதை அடுத்த மாடலுக்குத் தள்ளிவைத்தார். இதற்கு, கம்ப்ரஸருக்கு ஒன்றாக இரண்டு வேகக் குமிழ்கள் போதுமாம், ஆள் பார்த்துத் திருகிக்கொள்வானாம். அப்படியானால் குமிழ்களுக்கு ஒரு பூட்டாவது போடலாம் என்றேன்.

"பூட்டா? வாடிக்கையாளர் மனசு புண்படும், அண்ணா" என்றார்.

4

மின்சார அலுவலகத்தில் இணைப்புக்கு அனுமதி வாங்கப் போனேன். அங்கிருந்தவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்ரஸர் இருக்கு, விசிறி இருக்கு. இது ஏசிதானே?"

"இல்லை, இது தண்ணீரைச் சுடவைக்கும்."

"அப்போ ஹீட்டர்."

"ஹீட்டர் இல்லை. காற்றைக் குளிரவைத்து அந்த வெப்பத்தில்…"

"குளிரவைக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஏசி."

அவரிடம் இருந்த வகைகள் இரண்டுதான். உலகத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தால் அது உலகத்தின் தவறு. மூன்று முறை நடந்தேன். கடைசியில் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குக் குளிர்சாதனம் என்று பதிவானது. இன்றுவரை அரசாங்கப் பதிவில் அந்த அழுக்குத் துணிகள் ஏசியில்தான் இருக்கின்றன.

5

சோதனை ஓட்டத்துக்கு மருத்துவமனையில் ஒரு குளிர்காலம் தந்தார்கள். நிபந்தனை எளிது. எண்ணெய் பாய்லரைவிடச் சிக்கனமாக ஓடினால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கழற்றிவிட்டு பாய்லருக்கே போவார்கள். ஜோக்ளேகர் என்னிடம் இன்னொன்றையும் சொன்னார். இது திரும்பி வந்தால் எங்கள் பிரிவை மூடிவிடுவார். எனக்கு வேறு வேலை அங்கே இல்லை.

மாலையிலேயே இயந்திரத்தை இணக்கமான வேகத்தில் ஓடவிட்டால் காலையில் பெரிய தொட்டி முழுக்க வெந்நீர் தயாராக இருக்கும். அப்படித்தான் வைத்துவிட்டு வருவேன். சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஷிண்டே. வாலிப வயதிலிருந்து பாய்லரோடு வாழ்ந்தவர். பாய்லரில் நெருப்பைக் கூட்டினால் சூடு கூடும், அவருக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். அதோடு, சத்தம் போடாத இயந்திரம் வேலை செய்கிறது என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை. காலையில் வந்தவுடன் இரண்டு குமிழ்களையும் முழுசாகத் திருகிவிடுவார். இயந்திரம் அலறும். அவர் திருப்தியாகச் சாயா குடிக்கப் போவார்.

நான் சொன்ன பனி இதுதான். டிசம்பர் காலையில் போய்ப் பார்த்தால் வெந்நீர் இயந்திரத்தின் காற்றுச் சுருள் முழுக்க வெண்பனி பூத்திருக்கும். முழு வேகத்தில் சுருள் உறைநிலைக்குக் கீழே போய், காற்றின் ஈரம் அதிலேயே உறைந்துவிடும். பனி அடைத்தால் காற்று போகாது. அந்தப் பனியை உருக்க, பாடுபட்டுச் சேர்த்த வெப்பத்தையே இயந்திரம் திருப்பிச் செலவழிக்கும். அமெரிக்க நண்பனின் பனி அழகாக இருந்திருக்கும். என்னுடையது மின்கணக்கில் ஏறியது.

ஷிண்டேயிடம் இந்தியில் விளக்கினேன். தலையாட்டினார். மறுநாள் மறுபடி அலறல். ஆங்கிலத்தில் பெரிய அட்டை ஒன்று தயாரித்தேன். வெளிவெப்பத்துக்கு ஏற்ற வேகங்கள், அழுத்தங்கள், எச்சரிக்கைகள், அடிக்குறிப்புகள், எல்லாம் இருந்தன. அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினேன். ஷிண்டே அதன் மேல் தன் தொப்பியை மாட்டினார். ஜோக்ளேகரிடம் முறையிட்டேன். அவர் நேரில் வந்து பார்த்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, தாமே இரண்டு குமிழ்களையும் முழுசாகத் திருகி, "ஆவாஜைக் கேளுங்கள், சத்தத்தில் என்ன சக்தி" என்று ஷிண்டேயின் தோளில் தட்டினார்.

மீட்டர் ஓடியது. எண்ணெய் பாய்லரே தேவலை என்று மருத்துவமனை நிர்வாகிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். தை பிறந்ததும் வந்து கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

6

வீட்டில் மூட்டை கட்டும் பேச்சு ஆரம்பித்தது. கோமதியின் அண்ணன் கோவையில், கணபதிப் பக்கம் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் கூப்பிடுவார்.

"எதுக்கு மாப்ள அங்க கெடந்து சீரழியறீங்க? இங்க வந்து பட்டறையப் பாருங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. தண்ணி பைப்ப விட்டுத் தூக்கி அடிக்கோணும், மோட்டார் சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேக்கோணும். பார்ட்டிக்காரன் வேறெதையும் கேக்க மாட்டானுங்க."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாதி தேசம் தாண்டி வந்து ஒரு ஷிண்டேயிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போனால் மச்சானே ஷிண்டே. சத்தத்தைக் கும்பிடுவதில் கோவைக்கும் புனேக்கும் ஒரு குலவேறுபாடும் இல்லை. ஊர் ஊர் என்று கண் கலங்குபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

கோமதிக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. மது அப்போது இங்கே கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது. என்னிடம் பேசுவதற்கு அவளுக்கு மொழியே தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன். போனால் அவளுக்குப் படிப்பும் சிநேகமும் அறுந்துவிடும். போகாமலிருப்பது என் கையிலும் இல்லை, ஒரு பாய்லர்காரர் கையில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மது கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அந்த ஆங்கில அட்டையின் நகலை மேசையில் பார்த்தாள்.

"அப்பா, இத்னா லம்பா, இவ்ளோ நீளமா, யாரு படிப்பா?"

"படிச்சாத்தான் புரியும்."

"புரியாது. நீங்க எல்லாரையும் முட்டாள்னு நெனச்சுட்டு பாடம் எடுக்கறீங்க. மெஷின் என்ன பண்ணக்கூடாது? அது மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு குமிழையும் திருகக்கூடாது. நான் வெச்ச எடத்துல விட்டுறணும். வெயில் மாறினா நானே வந்து மாத்துவேன்."

"பஸ்? அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அவள் பழைய தகரம் ஒன்றைத் தேடியெடுத்து வெள்ளையடித்தாள். காய்ந்ததும் கறுப்பு மையில் மராத்தியில் இரண்டு வரி எழுதினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தமிழில் இப்படி வரும்:

'இந்தக் குமிழைத் திருக அறிவு தேவையில்லை.
திருகாமலிருக்கத்தான் தேவை.'

வாய்விட்டுச் சிரித்தேன். உடனே பயமும் வந்தது. "ஷிண்டே கோவிச்சுக்குவாரு. பூட்டுப் போட்டாலே மனசு புண்படுமாம்."

"பூட்டுன்னா கோவம் வரும். இது வராது" என்றாள் மது. "அவரு இந்த ஊரு, அப்பா."

எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன். ஏதோ பாசமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குக் கோயம்புத்தூர் நகோ" என்றாள். வேண்டாமாம். தலை நிமிராமல் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னது சரியாவும் இருந்துச்சு" என்றாள்.

7

பலகையை மாட்டிய அன்று ஷிண்டே அதன் முன் நெடுநேரம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி படித்தார். திட்டப்போகிறார் என்று நான் கதவுப்பக்கம் நகர்ந்தேன்.

"யார் எழுதியது?"

"என் மகள்."

"சுத்தமான மராத்தி" என்றார். அவ்வளவுதான், சாயா குடிக்கப் போய்விட்டார். குமிழைத் தொடவில்லை.

மறுநாளும் தொடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொடவில்லை. எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அந்த வசவு தன்னைக் குறிக்கிறது என்று ஷிண்டே ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அது மற்றவர்களுக்கு எழுதியது. அறிவுள்ளவர் அவர்தான், அதனால்தான் திருகாமல் இருக்கிறார். துணி கொண்டுவரும் வார்டு ஆட்களை நிறுத்திவைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். எட்ட நின்று பார்த்தவர்களைக்கூட விடவில்லை. நான் இரண்டு மாதம் இந்தியில் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திச் செய்யமுடியாததை ஓர் ஏளனம் செய்துவிட்டது. சுருளில் பனி பூப்பது நின்றது. மீட்டரின் ஓட்டம் குறைந்தது.

பொங்கல் கழிந்து நிர்வாகிகள் வந்தார்கள். ஜோக்ளேகர் அவர்களை முன்னடத்தி வந்தார். இயந்திரம் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. விருந்தாளி வந்த நேரத்தில் இப்படித் தூங்கி வழிகிறதே என்று நினைத்திருப்பார். "இதன் சக்தியைக் காட்டுகிறேன்" என்று குமிழை நோக்கிக் கையை நீட்டினார்.

இவ்வளவு நாள் காத்துவைத்ததை நிர்வாகிகளின் கண்முன்னே கவிழ்க்கப் போகிறார். வாயைத் திறந்தேன். வழக்கம்போல எந்த மொழியும் வரவில்லை.

ஷிண்டே நடுவில் வந்து நின்றார். முதலாளியின் கையைத் தொடவில்லை. பலகையைச் சுட்டினார்.

"சாகேப், முதல்ல அதைப் படிங்க."

ஜோக்ளேகர் படித்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. நீட்டிய கை அப்படியே நின்றது. திருகினால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் வந்த நிர்வாகிகளில் ஓர் அம்மையார் உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஜோக்ளேகர் கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, "நான் எப்போதும் சொல்வது இதைத்தான்" என்றார். அவர் முதல் நாளிலிருந்து சொல்லிவந்த கதை அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. நானே சாட்சி.

பாய்லரைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். எங்கள் பிரிவு பிழைத்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதுவிடம் சொன்னேன். "தெரியும்" என்றுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

8

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி அடுத்த மாடலில் வந்துவிட்டது. முதல் இயந்திரத்துக்குக் குமிழ்களும் பலகையும்தான். ஷிண்டே ஓய்வு பெற்றுவிட்டார். போன வார ஆண்டுவிழாவுக்கு வந்திருந்தார். நான் மாலையைக் கழற்றியபோது "சரி" என்பதுபோல் அவர் ஒருவர்தான் தலையசைத்தார்.

மது இப்போது ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறாள். விடிந்ததும் கம்பெனி வண்டியில் போனால், இருட்டிய பிறகு நெரிசலைத் திட்டிக்கொண்டே வருவாள். திட்டுவது மராத்தியில். நான் கோவையிலிருந்து கொண்டுவந்தவற்றில் எழுத்து அவளிடம் போய்ச் சேரவில்லை, ஊர் சேரவில்லை. இந்தக் குத்தல் நாக்கு மட்டும் சேதாரமில்லாமல் சேர்ந்திருக்கிறது. எனக்கு அது போதும். உண்மையில் எனக்கு அதில் கர்வம்.

அவளால் இதைப் படிக்க முடியாது என்பதால் நேற்று முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டினேன். பாதியில் கைப்பேசியைப் பார்த்தாள். ஷிண்டே வந்த இடத்தில் நிமிர்ந்தாள்.

"இத்னா லம்பா" என்றாள் கடைசியில். "யாருக்கு எழுதறீங்க?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கு."

"அவங்க கேட்டாங்களா?"

"பக்கம் மிச்சம் இருக்குன்னாங்க."

கோமதி அடுப்படியில் சிரித்தாள். மது என் பேனாவை வாங்கிக் கடைசித் தாளின் கீழே மராத்தியில் இரண்டு வரி எழுதினாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதை மட்டும் அனுப்பினால் போதுமாம். மலர்க் குழுவினர் எதை வெட்டினாலும் இதை வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு தமிழில் தருகிறேன்:

'ஊரைவிட்டுப் போக அறிவு தேவையில்லை.
திரும்பி வராமலிருக்கத்தான் தேவை.'